துருவ மலைகளின் உயரக் கணக்கு: 4,892 மீட்டர் சிகரம் ஏன் அத்தனை கடினம்?

அண்டார்டிகாவின் மிக உயர்ந்த சிகரமான வின்சன் 4,892 மீட்டர் உயரமுடையது. எவரெஸ்ட் சிகரத்தின் நேபாளப் பக்க அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. ஆக, எவரெஸ்டில் ஏறப் போகிறவர் ஏற்றத்தைத் தொடங்குவதற்கு முன்பே வின்சனின் உச்சியைவிட மேலான இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறார். துருவ மலையேற்றம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் வாசகர்களுக்குக் குழப்பம் உண்டாவது இதனால்தான். எவரெஸ்டின் அடிவாரத்தைக்கூட எட்டாத ஒரு மலையில் ஏறுவதற்கு இத்தனை ஆயத்தமும் இத்தனை பொருட்செலவும் எதற்கு, அதைச் சாதனை என்று ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே.

மலையின் கடினத்தை மீட்டரில் அளக்கும் பழக்கம் வெப்ப மண்டலத்திலும் மித வெப்ப மண்டலத்திலும் உருவானது என்பதே இதற்கான சுருக்கமான விடை. துருவப் பகுதியில் அந்த அளவுகோல் பொருந்துவதில்லை. அங்கே காற்றழுத்தம், குளிர், நீர், திசை, உதவி வந்து சேர எடுக்கும் காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்துதான் ஒரு மலையின் உண்மையான அளவைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்ன காலம் மற்ற நான்கையும்விடக் கனமானது. அந்த முடிவுக்கு வர, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

துருவ மலை என்பது எது?

வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 66½ பாகை அகலக்கோட்டில் துருவ வட்டங்கள் அமைகின்றன. அவற்றுக்கு அப்பால் ஆண்டில் ஒரு நாளாவது சூரியன் மறையாமலும், ஒரு நாளாவது உதிக்காமலும் இருக்கும். இந்த வட்டங்களுக்குள் நிற்கும் மலைகளையே கறாரான பொருளில் துருவ மலைகள் என்கிறோம்.

வடக்கே இவற்றுள் உயர்ந்தது கிரீன்லாந்தின் கிழக்குப் பகுதியில் வாட்கின்ஸ் தொடரில் உள்ள கன்பியோர்ன். அதன் உயரம் 3,694 மீட்டர். 1930இல் பிரிட்டன் ஆய்வுக் குழுவொன்று விமானத்திலிருந்து அத்தொடரைக் கண்டது. 1935 ஆகஸ்டில் சிகரம் முதன்முறையாக ஏறப்பட்டது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2,616 மீட்டர் உயரமுள்ள பார்போ சிகரமும், ஸ்வால்பார்டில் 1,713 மீட்டர் உயரமுள்ள நியூட்டன்டாப்பனும் இதே வகையைச் சேர்ந்தவை. தெற்கே எல்ஸ்வொர்த் மலைத்தொடர், ராணி மாட் நிலத்தின் செங்குத்துப் பாறைக் கோபுரங்கள், ராஸ் தீவில் 3,794 மீட்டர் உயர்ந்து நிற்கும் எரபஸ் எரிமலை ஆகியவை உள்ளன.

அலாஸ்காவின் டெனாலி 63 பாகையில், அதாவது துருவ வட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கிறது. வரைபடத்தின்படி அது துருவ மலை ஆகாது. ஆயினும் அதன் காற்றும் குளிரும் துருவ மலையின் குணத்தையே கொண்டிருப்பதால், இத்துறையில் அதையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும். பனிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே எழும் பாறை முகட்டை 'நூனதாக்' என்பார்கள். கிரீன்லாந்தின் பூர்வகுடி மக்களான இனுயிட்டுகளின் மொழியிலிருந்து வந்த சொல் இது. அண்டார்டிகாவில் நாம் மலை என்று காண்பவற்றில் பல, பனிக்குள் புதைந்த பெருமலையின் தலைப்பகுதி மட்டுமே. அடிவாரம் என்று தனியாக ஒரு நிலம் அங்கே கிடையாது. பனியின் மேற்பரப்பு எங்கே முடிகிறதோ அங்கிருந்து மலை தொடங்குகிறது. மேய்ச்சல் நிலம், மரம், ஓடை, கிராமம் என்று படிப்படியாக உயரும் வழக்கமான மலைப்பாதை எதுவும் அங்கே இல்லை.

வின்சனின் உயரம் நூலுக்கு நூல் மாறுவதற்கு, அது எளிதில் எட்ட முடியாத தொலைவில் நிற்பதே காரணம். 1950களின் இறுதியில்தான் அந்த மலைத்திரள் கண்ணில் பட்டது. 1966இல் அதன் மீது ஏறியபோது 5,140 மீட்டர் என்று கருதினார்கள். 1979-80இல் செய்த நில அளவை அதை 4,897 ஆகக் குறைத்தது. 2004இல் செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவியை உச்சிக்கே கொண்டுபோய் அளந்தபோது 4,892 என்று வந்தது. பழைய நூல்களில் காணப்படும் எண்கள் அச்சுப்பிழைகள் அல்ல. அந்தந்தக் காலத்தில் எட்டக்கூடியதாக இருந்த அளவீடுகள் அவை.

காற்று ஏன் கூடுதலாக மெலிகிறது?

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அது எந்த வேகத்தில் குறைகிறது என்பது காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. துருவ மலையேற்றத்தின் முதல் புதிர் இதற்குள்தான் இருக்கிறது.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அடர்த்தியான காற்று தரையோடு ஒட்டிப் படியும். எனவே காற்றின் எடையில் பெரும்பகுதி கீழேயே தங்கிவிட, மேலே மிஞ்சுவது குறைவு. நிலநடுக்கோட்டுக்கு மேலே வளிமண்டலத்தின் கீழடுக்கு ஏறத்தாழ 16 முதல் 18 கிலோமீட்டர் வரை விரிந்திருக்க, துருவங்களுக்கு மேலே அது 8 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடுகிறது. எண்களில் சொல்வதானால், சராசரியாக 0 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள காற்றில் ஏறத்தாழ 5,540 மீட்டர் ஏறினால் அழுத்தம் பாதியாகும். சராசரி −25 பாகையாக இருந்தால் 5,030 மீட்டரிலேயே அது பாதியாகிவிடும். இதில் ஐந்நூறு மீட்டர் வேறுபாடு இருக்கிறது. அதோடு அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல்மட்ட அழுத்தமே உலகச் சராசரியைவிடக் குறைவு என்பதால், கணக்கு தொடங்கும் புள்ளியே சற்றுத் தாழ்ந்திருக்கிறது.

இதை நேரடியாகக் காட்டும் இடம் தென்துருவம். அங்குள்ள ஆய்வு நிலையம் 2,835 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்துக்குப் பொதுவாக எதிர்பார்க்க வேண்டிய அழுத்தம், காற்றழுத்தத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கலில் சொன்னால், 715 அளவில் இருக்கும். உண்மையில் அங்கே பதிவாகும் சராசரி 680 மட்டுமே. அங்கு இறங்குகிறவரின் நுரையீரல் 3,200 மீட்டருக்கு மேல் நிற்பதாகவே உணர்கிறது. வரைபடத்தில் உள்ள உயரத்தைவிட உடல் உணரும் இந்த உயரத்தையே மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதே கணக்கை வின்சனுக்குப் போட்டால், அதன் உச்சியில் கடல்மட்ட அழுத்தத்தின் பாதியளவே இருக்கிறது என்று வருகிறது. இமயமலையில் அதே அழுத்தத்தைக் காண வேண்டுமானால் பல நூறு மீட்டர் கூடுதலாக ஏற வேண்டும். 6,190 மீட்டர் உயரமுள்ள டெனாலியும் அப்படித்தான். அதன் உச்சியில் நிற்பவர் சுவாசிக்கும் காற்று, நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள அதே உயர மலையொன்றின் காற்றைவிடத் தெளிவாக மெலிந்தது.

இந்த அழுத்தம் நிலையாகவும் இருப்பதில்லை. தாழ்வழுத்தப் புயலொன்று கடந்து போகையில், 500 ஹெக்டோபாஸ்கல் அளவிலிருந்து 15 குறைந்தால், முகாமில் அசையாமல் படுத்திருப்பவரும் 200 மீட்டருக்கு மேல் ஏறிவிட்ட நிலைக்கு ஆளாகிறார். புயல் நாளில் கூடாரத்துக்குள் தலைவலி கூடுவதற்குப் பதற்றம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

குளிர் எனும் இரண்டாவது உயரம்

அண்டார்டிகாவின் மலையேற்றப் பருவம் நவம்பர் முதல் ஜனவரி வரை. அது அங்கே கோடைக்காலம். சூரியன் மறைவதே இல்லை. வின்சனின் மேற்பகுதியில் அந்தக் கோடையிலும் −30 பாகை இயல்பானது. ஆனால் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து அங்குள்ள குளிரைப் புரிந்துகொள்ள முடியாது. பின்வருவனவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. காற்றின் வேகம். அசையாத காற்றில் உடலைச் சுற்றி ஒரு மெல்லிய வெப்ப உறை உருவாகும். வீசும் காற்று அதைப் பிய்த்தெடுத்துவிடும். −30 பாகையில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று வீசினால் வெளித்தெரியும் தோலுக்கு அது −43 போன்றது. 40 கிலோமீட்டரானால் −48 போன்றது. இந்நிலையில் மூக்கு நுனியும் கன்னமும் சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். தோலும் அதன் கீழுள்ள திசுவும் இப்படி உறைவதையே பனிக்கடி என்கிறோம்.

2. நிழல். நடுநிசியிலும் சூரியன் இருக்கும் என்றாலும், அது தாழ்வாகச் சுற்றி வருவதால் நாளின் ஒரு பகுதியில் ஏதோ ஒரு முகட்டின் பின்னால் போய்விடும். வெயில் பட்ட கூடாரத்துக்குள் மெல்லிய உடையோடு உட்கார்ந்திருந்தவர், நிழல் விழுந்த சில நிமிடங்களில் முழுக் கவச உடைக்குள் நுழைய வேண்டியிருக்கும். அங்கு மலையேறுபவர்கள் கடிகாரத்தைவிட நிழலின் வருகையைப் பார்த்தே நாளைத் திட்டமிடுகிறார்கள்.

3. உயரத்தோடு சேரும் விளைவு. மெலிந்த காற்றில் உடல் எரித்து உண்டாக்கும் வெப்பம் குறைகிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல்களைக் கைவிட்டு உடலின் நடுப்பகுதியைக் காக்க முயல்கின்றன. இவ்விரண்டும் ஒன்று கூடும்போது, கடல்மட்டத்தில் தாங்கக்கூடிய குளிர் இங்கே விரலைப் பறிக்கும் குளிராகிவிடுகிறது.

4. வியர்வை. வேகமாக ஏறி வியர்த்தால், அந்த ஈரம் உடையின் அடுக்குகளுக்குள் போய் உறைந்துவிடும். உறைந்த அடுக்கு வெப்பத்தைக் காக்காது. ஆகவே அங்கே மெதுவாக ஏறுவது ஒரு திறமை. மூச்சு வாங்காத வேகத்தில், வியர்க்காத வேகத்தில் மணிக்கணக்கில் நடக்கத் தெரிந்தவரே நல்ல துருவ மலையேறி.

காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அண்டார்டிகாவின் நடுவே பனி ஒரு பெரிய குவிமாடம்போல் உயர்ந்திருக்கிறது. அதன் மேற்பரப்பைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துப்போய், நீர் வழிவதைப் போல் சரிவு வழியே கீழிறங்கும். இதைச் சரிவுக் காற்று எனலாம். புயலும் மேகமும் இல்லாத தெளிந்த வானத்தின் கீழும் இது வீசும் என்பதே இதன் ஆபத்து. டக்ளஸ் மாசன் தலைமையிலான ஆஸ்திரேலியக் குழு 1912-13இல் தங்கியிருந்த டெனிசன் முனையில், மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் என்பது ஆண்டுச் சராசரிக் காற்று. அதாவது, அது வழக்கமான நாளின் காற்று. பனியாறுகளின் பள்ளத்தாக்குகள் இந்தக் காற்றுக்கு வாய்க்கால் போன்றவை. மலையேறுபவர்கள் முகாம் போட வேண்டியதும் அதே பள்ளத்தாக்குகளில்தான்.

நீரில்லாத பனி நிலம்

உலகின் நன்னீரில் பெரும்பகுதியைப் பனியாகத் தேக்கி வைத்திருக்கும் கண்டத்தில், குடிப்பதற்கு ஒரு குவளை நீர் தானாகக் கிடைக்காது. ஒவ்வொரு துளியையும் அடுப்பில் உருக்கித்தான் எடுக்க வேண்டும். அங்குள்ள காற்று மிக வறண்டது. ஒவ்வொரு மூச்சிலும் உடலின் ஈரம் வெளியேறுகிறது. அதனால் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் வரை தேவைப்படுகிறது.

−30 பாகையில் உள்ள ஒரு கிலோ பனியை 0 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 63 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். உருகிய நீரைக் கொதிக்க வைக்க மேலும் 419 வேண்டும். மொத்தம் 816 கிலோஜூல் ஆகிறது. 20 பாகையில் குழாயில் வரும் நீரைக் கொதிக்க வைக்க 335 போதும். ஆக, ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டரை மடங்கு எரிபொருள் செலவாகிறது. அடுப்பின் வெப்பத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும் என்பதைச் சேர்த்தால் இன்னும் கூடும். எரிபொருள் தீர்ந்தால் உணவு இருந்தும் பயனில்லை, ஏனென்றால் உலர்ந்த உணவைச் சமைக்கவும் நீர்தான் வேண்டும். புயலில் அடைபட்ட ஒரு குழு முதலில் எண்ணிப் பார்ப்பது எரிபொருள் குப்பிகளையே.

அடுப்பைக் கூடாரத்துக்குள் எரிக்க வேண்டிய நிலை ஏற்படும்போது இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. காற்றோட்டமில்லாத இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. பனி மூடிய கூடாரத்தின் துளைகள் அடைபட்டிருந்தால் அது உயிரைக் குடிக்கும். வெளியே வீசும் காற்றுக்குப் பயந்து கதவை முழுதாக மூடுவது இயல்பான செயல் என்பதால்தான் இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணும் காந்தமும் கைவிடும் நிலம்

மேகம் மூடிய வானமும் பனி மூடிய தரையும் ஒரே வெண்மையில் கலந்து, நிழலே இல்லாமல் போகும் நிலையை வெண்மறைப்பு என்று சொல்லலாம். மூடுபனியில் தொலைவு தெரியாது என்பதை எவரும் அறிவர். வெண்மறைப்பின் சிக்கல் வேறு. காற்று தெளிவாகவே இருக்கலாம். பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள கரும்பாறைகூடத் தெரியலாம். ஆனால் காலடியில் மேடா பள்ளமா என்பது தெரியாது. முன்னால் நிற்கும் வெண்சரிவு சமதரையாகவே தோன்றும். 1979 நவம்பர் 28 அன்று சுற்றிப் பார்க்கும் பயணிகளோடு நியூசிலாந்திலிருந்து வந்த டிசி-10 விமானம் எரபஸின் கீழ்ச்சரிவில் மோதி 257 பேரும் இறந்தனர். விமானக் குழுவினருக்குத் தெரியாமல், பாதையைக் குறிக்கும் ஆயத்தொலைவுகள் மாற்றப்பட்டிருந்தது ஒரு காரணம். மேகத்துக்குக் கீழே பார்வை தெளிவாக இருந்தும், எதிரே இருந்த மலைச்சரிவு மலையாகத் தெரியாமல் போனது இன்னொரு காரணம். கருவிகள் நிறைந்த விமானத்துக்கே இந்த நிலை என்றால், கயிற்றில் கட்டுண்டு நடக்கும் நால்வருக்கு எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவர்கள் ஏன் கயிற்றில் கட்டுண்டு நடக்கிறார்கள் என்பதற்கும் விடை தரையில் இருக்கிறது. பனியாறு மெல்ல நகரும். நகரும்போது அதன் மேற்பரப்பு வெடித்துப் பிளக்கும். இந்தப் பனிப்பிளவுகளின் வாயைக் காற்று கொண்டுவரும் பனி மூடி, மேலே ஒரு பாலம்போல் ஆக்கிவிடும். பாலத்தின் கனம் ஒரு கையளவா ஓர் ஆளுயரமா என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பதற்காகவே அந்தக் கயிறு.

திசைகாட்டியும் அங்கே வழக்கம்போல் இயங்குவதில்லை. காந்தத் துருவத்தை நெருங்க நெருங்கப் புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இல்லாமல் செங்குத்தாகத் திரும்பிவிடும். ஊசியைச் சுழற்றும் கிடைவிசை தளர்ந்து, ஊசி தட்டில் உராய்ந்து மந்தமாக அலையும். காந்தத் துருவங்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன என்பது மேலும் ஒரு சிக்கல். 1831இல் பிரிட்டன் கடற்படையைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்ட வடகாந்தத் துருவம், இன்று ஆர்க்டிக் பெருங்கடலில் சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

தொலைத்தொடர்பிலும் இதே கதைதான். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்பதுபோல் சுற்றும் செயற்கைக்கோள்களை ஏறத்தாழ 81 பாகைக்கு அப்பால் காணவே முடியாது. 78½ பாகையில் உள்ள வின்சனிலிருந்து பார்த்தால் அவை தொடுவானத்துக்கு மூன்று பாகை மேலே மட்டுமே இருக்கும். எதிரே ஒரு முகடு இருந்தால் அதுவும் மறைந்துபோகும். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்களே அங்கு கைபேசித் தொடர்புக்கு ஆதாரம். பேட்டரி குளிரில் வலுவிழக்கும் என்பதால் அந்தக் கைபேசியை உடையின் உள்ளடுக்கில், உடலோடு ஒட்டி வைத்துக் காக்கிறார்கள்.

அங்கே எப்படிப் போய்ச் சேர்வது?

துருவ மலையேற்றத்தின் வரலாறு பெருமளவில் விமானங்களின் வரலாறே. அமெரிக்க ஆய்வாளர் லிங்கன் எல்ஸ்வொர்த் 1935 நவம்பரில் கண்டத்தின் குறுக்கே பறந்தபோது பார்த்த மலைகள்தான் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்த திரள் அன்று கண்ணில் படவில்லை. 1958 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்றுதான் அதைக் கண்டது. நிக்கோலஸ் கிளிஞ்ச் தலைமையில் பத்துப் பேர் கொண்ட அமெரிக்கக் குழுவை, பனிச்சறுக்குச் சட்டம் பொருத்திய கடற்படை விமானமே அங்கே கொண்டுபோய் இறக்கியது. 1966 டிசம்பர் 18 அன்று அவர்களில் நால்வர் வின்சனின் உச்சியை அடைந்தனர். எவரெஸ்ட் 1953இலேயே ஏறப்பட்டுவிட்டது என்பதை நினைவில் கொண்டால், 3,957 மீட்டர் தாழ்ந்த இந்தச் சிகரம் 13 ஆண்டுகள் பிந்தியதற்கு உயரம் காரணமாக இருக்க முடியாது என்பது விளங்கும்.

அதே குழுவினர் தொடர்ந்து பல சிகரங்களில் ஏறினர். அவற்றுள் 4,852 மீட்டர் உயரமுள்ள டைரீயும் ஒன்று. வின்சனைவிட 40 மீட்டர் தாழ்ந்த அந்தச் சிகரம் ஏறுவதற்கு அதைவிடப் பன்மடங்கு கடினமானது. பாரி கார்பெட், ஜான் எவன்ஸ் என்ற இருவர் 1967 ஜனவரியில் அதன் உச்சியை அடைந்தனர். வின்சனின் பெயர் மட்டும் உலகறிந்தது என்றால், அதற்குக் கண்டத்துக்கொரு சிகரம் என்ற ஏழு சிகரப் பட்டியலே காரணம். அமெரிக்கத் தொழிலதிபர் டிக் பாஸ் 1983இல் வின்சனிலும், 1985இல் எவரெஸ்டிலும் ஏறி அப்பட்டியலை நிறைவு செய்த பிறகு, அண்டார்டிகாவுக்குச் செல்ல விரும்பும் தனியார் மலையேறிகளின் வரத்து தொடங்கியது.

அந்த வரத்தைச் சாத்தியமாக்கியது நீலப்பனி. மலைகளின் மறைவில் சில இடங்களில் காற்று புதுப்பனியைத் தங்கவிடாமல் துடைத்துக்கொண்டே இருக்கும். மேற்பரப்பிலிருந்து பனிக்கட்டி நேராக ஆவியாகிக்கொண்டும் இருக்கும். மிஞ்சுவது, காற்றுக் குமிழிகள் நசுங்கி இறுகிப்போன, நீல நிறமுள்ள பழைய பனிக்கட்டி. அது சக்கர விமானத்தைத் தாங்கும் அளவுக்கு உறுதியானது. அதில் சக்கரங்களின் பிரேக்கை நம்ப முடியாது. இறங்கும் விமானம் இயந்திரத்தின் எதிர்உந்துதலால்தான் வேகம் குறைய வேண்டும். நீலப்பனியை உண்டாக்கும் அதே காற்றுதான் விமானம் இறங்கவிடாமல் தடுப்பதும். முன்பு பேட்ரியட் குன்றுகளிலும், 2010-11 பருவத்திலிருந்து யூனியன் பனியாற்றிலும் இப்படிப்பட்ட ஓடுதளம் பயன்பட்டு வருகிறது. சிலியின் தென்கோடியில் உள்ள புன்டா அரீனாஸிலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறந்து அங்கே இறங்கியவர்கள், பனிச்சறுக்குச் சட்டம் பொருத்திய சிறு விமானத்தில் மாறி, பிரான்ஸ்கோம் பனியாற்றில் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள அடிவார முகாமுக்குச் செல்கிறார்கள். இந்த இரண்டு பறப்புகளுக்கும் தனித்தனியே வானிலை கைகொடுக்க வேண்டும். பொருட்செலவு ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது: அந்த விமானம் எரிக்கும் எரிபொருளும், முகாமில் எரியும் எரிபொருளும், திரும்பிச் செல்லத் தேவையான எரிபொருளும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும்.

யாருடைய நிலம், யாருடைய சட்டம்?

1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்டு, 1961இல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக் உடன்படிக்கை, அக்கண்டத்தின் மீதான நாடுகளின் உரிமைக் கோரிக்கைகளை அப்படியே உறைநிலையில் வைத்தது. அதன் நான்காம் உறுப்பு எந்தக் கோரிக்கையையும் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கண்டத்தின் மிக உயர்ந்த எரிமலையான சிட்லி, எந்த நாடும் உரிமை கோராத மேரி பேர்ட் நிலத்தில் நிற்கிறது.

அப்படியானால் அனுமதி தருவது யார்? மலையேறுபவரோ பயணத்தை நடத்தும் நிறுவனமோ எந்த உறுப்பு நாட்டைச் சேர்ந்ததோ, அந்த நாட்டின் அதிகாரிகள் தருகிறார்கள். 1991இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் நெறிமுறையின்படி, பயணத்தின் விளைவுகளை முன்கூட்டியே மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வின்சனில் மனிதக் கழிவுகூட மலையிலிருந்து கீழிறக்கப்பட்டு, கண்டத்தைவிட்டு வெளியேற்றப்படுகிறது. இது தேவையற்ற கெடுபிடி என்று சிலர் நினைக்கலாம். அங்கே எதுவும் மட்காது என்பதை அறிந்தவர் அப்படி நினைக்கமாட்டார். வெளியுயிரினங்களுக்கும் தடை உண்டு. 1994 ஏப்ரலுக்குள் கண்டத்திலிருந்த இழுவை நாய்கள் எல்லாம் வெளியேற்றப்பட்டன.

வடக்கும் தெற்கும் ஒன்றல்ல

தெற்கே ஒரு கண்டம், அதைச் சுற்றிக் கடல். வடக்கே ஒரு கடல், அதைச் சுற்றி நிலங்கள். ஆர்க்டிக் மலைகள் எல்லாம் ஏதோ ஒரு நாட்டின் நிலத்தில் இருப்பதால், அந்தந்த நாட்டின் சட்டமே செல்லும். அங்கே மக்கள் வாழ்கிறார்கள். கிரீன்லாந்தில் இன்றும் நாய்வண்டி ஓடுகிறது. தெற்கில் இல்லாத ஒரு விலங்கும் அங்கே உண்டு. துருவக் கரடி உலவும் ஸ்வால்பார்டில், குடியிருப்புகளைவிட்டு வெளியே செல்பவர் கரடியை விரட்டுவதற்கான சாதனத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முகாமைச் சுற்றி எச்சரிக்கைக் கம்பி கட்டுவதும் இரவில் முறைபோட்டுக் காவல் இருப்பதும் அங்கே மலையேற்றத்தின் பகுதி. கோடையில் கடற்பனி உருகும் நிலையைப் பொறுத்துப் படகு போகும் வழியும் திரும்பும் வழியும் மாறும். கனடாவின் பாஃபின் தீவில் 1,250 மீட்டர் செங்குத்துச் சுவரைக் கொண்ட தோர் மலையைப் போன்றவை, உயரத்தில் சிறியனவாக இருந்தும் பாறையேறிகளை ஈர்ப்பவை.

காலமே உண்மையான உயரம்

1908 மார்ச்சில் பிரிட்டன் துருவ ஆய்வாளர் ஷாக்கிள்டனின் குழுவைச் சேர்ந்தவர்கள் எரபஸில் முதன்முறையாக ஏறினர். பேராசிரியர் எட்ஜ்வொர்த் டேவிட், மாசன், மருத்துவர் மாக்கே உள்ளிட்டோர் மார்ச் 10 அன்று எரிமலை வாயை அடைந்தனர். ஏறச் சென்றவர்களில் ஒருவரான பிராக்கிள்ஹர்ஸ்ட்டின் கால்விரல்கள் உறைந்தன. பின்னர் ஒரு விரலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழுவின் குடில், மலையின் காலடியிலேயே ராய்ட்ஸ் முனையில் இருந்தது. மருத்துவர்கள் குழுவிலேயே இருந்தனர். இறங்கத் தொடங்கிய பின் விரைவிலேயே குடிலை அடைய முடிந்தது. ஒரு விதத்தில் பார்த்தால், மருத்துவ உதவியைப் பொறுத்தவரை அவர்கள் இன்றைய பல குழுக்களைவிட அருகில் இருந்தார்கள்.

இன்று தொலைவான ஒரு துருவ மலையில் ஒருவருக்குக் கால் முறிந்தால் என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. உடன் இருப்பவர்களே அவரைப் பனிச்சறுக்குப் படுக்கையில் கட்டி, சிறு விமானம் இறங்கக்கூடிய பனிவெளி வரை இழுத்து வர வேண்டும். பனிப்பிளவுகள் உள்ள இடத்தில் இதற்கே ஒரு நாள் ஆகலாம்.

2. சிறு விமானம் வர, புறப்படும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் ஒரே நேரத்தில் தெளிவான வானிலை வேண்டும். வெண்மறைப்பில் விமானி தரையைக் காண முடியாது.

3. ஓடுதள முகாமில் மருத்துவர் இருந்தாலும் அறுவை அரங்கம் இருக்காது. அடுத்த கண்டத்துக்குப் போகும் பெரிய விமானத்துக்கு மீண்டும் வானிலைக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு மணிக்கணக்கிலும் முடியலாம், நாட்கணக்கிலும் நீளலாம்.

அண்டார்டிகாவில் பொது மீட்புப் படை என்று ஒன்று இல்லை. ஆய்வு நிலையங்கள் மனிதநேயத்தின் பேரில் உதவக்கூடும். ஆனால் அவற்றின் விமானங்களும் எரிபொருளும் அறிவியல் பணிக்கென அளந்து வைக்கப்பட்டவை. அதனால்தான் அனுமதி தரும் நாடுகள், மீட்புக்கான ஏற்பாட்டையும் காப்பீட்டையும் பயணக் குழுவே தன் பொறுப்பில் செய்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

இந்தக் கால இடைவெளி, மலையில் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் மாற்றிவிடுகிறது. வேறு மலைகளில் துணிந்து ஏறும் சரிவை இங்கே சுற்றிக்கொண்டு போகிறார்கள். வின்சனின் வழக்கமான பாதையில் கீழ்முகாமுக்கும் மேல்முகாமுக்கும் இடையே உள்ள செங்குத்துச் சரிவில் நிலையான கயிறுகள் கட்டப்பட்டிருப்பதும் இதன் பொருட்டே. உறைந்த விரலைச் சூடாக்குவதில்கூட இந்தக் கணக்கு உண்டு. உருகிய திசு மீண்டும் உறைந்தால் சேதம் முன்னதைவிட மோசமாகும் என்பதால், இன்னும் நடந்து இறங்க வேண்டியவரின் காலை, மறுபடி உறையாமல் காக்க வழியில்லாத இடத்தில், உருக்காமல் விடுவதே மருத்துவ விதி.

பிற மலைகளில், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக ஒரு திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்வார்கள். துருவக் கோடையில் இருட்டே வராது. வெளிச்சம் அவர்களைத் திருப்பி அனுப்பாது. எனவே வழிகாட்டிகள் வேறு அடையாளங்களை வைத்திருக்கிறார்கள். முகட்டின் மேல் பனித்தூள் கொடிபோலப் பறக்கத் தொடங்கினால் மேலே காற்று எழுந்துவிட்டது என்று பொருள். நிற்கும் இடந்தோறும் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் மரத்துப்போன கன்னத்தில் தோன்றும் வெண்புள்ளியை அதற்கு உரியவரால் உணர முடியாது. ஒருவர் கன்னத்தில் அந்தப் புள்ளி தெரிந்து, கையால் மூடிச் சூடேற்றியும் அது மறையவில்லை என்றால், உச்சி நூறு மீட்டர் தொலைவில் இருந்தாலும் குழு திரும்பி நடக்கத் தொடங்குகிறது.